குறி போட்ட டம்ளர்

என் தங்கை காபி குடிக்கும் டம்ளரின் அடியில் நகப்பாலீஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தவள் நான். எட்டு எவர்சில்வர் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாலும் எது அவளுடையது என்று எனக்குத் தெரிந்துவிடும். அவளுக்கு இது தெரியாது என்று பல மாதங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். நான் ஒன்றும் படிக்காதவள் இல்லை. டவுனில் உப்பளம் பகுதியில் பத்திரம் எழுதும் ஆபீஸில் இருபது வருடமாக டைப் அடிக்கிறேன். அடுத்தவர் பத்திரத்தில் ஒரு எழுத்து பிசகினால்கூட எழுதியவரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவேன். பயம் வந்தால் அந்தப் படிப்பெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ தெரியவில்லை.

அவளுக்கும் எனக்கும் பதினான்கு வயது வித்தியாசம். அவளுக்குப் பத்து வயதாக இருக்கும்போது அம்மா காமாலையில் போய்விட்டாள். வயிறு பானை மாதிரி வீங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் வெறும் வயிற்றில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், உப்பில்லாப் பத்தியம் போட்டோம், மில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அப்பாவும் ஓடாத இடமில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஈரல் சுருங்கிவிட்டது என்றார்கள். ஏன் சுருங்கியது என்று நாங்கள் கேட்கவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கும் ரத்தம் பாருங்கள் என்று அவர்களும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு தங்கைக்குத் தலை பின்னிவிட்டதும், பள்ளிக்கூடம் அனுப்பியதும், மாப்பிள்ளை பார்த்ததும் நான்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வேண்டாம் என்று சொன்னதாக ஊரில் சொல்லிக்கொள்கிறேன்.

தவளக்குப்பத்துக்குக் கிழக்கே கடலோரக் கிராமத்தில் அவளைக் கொடுத்தோம். மாப்பிள்ளை படகில் போகிறவர். மாமியார் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். குரல் கொடுத்தால் நாலு கடை திரும்பிப் பார்க்கும். எனக்கு அந்த அம்மாளைக் கண்டால் முதல் நாளிலிருந்தே உள்ளுக்குள் உதறல். பின்னால் நடந்தது எல்லாவற்றுக்கும் அந்த உதறல்தான் வேர்.

தங்கை நான்காம் மாதத்தில் அங்கேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொண்டாள். விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்த நர்ஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஹெபடைடிஸ் பி இருக்கிறது, ஈரலைத் தாக்கும் கிருமி, பயப்படாதே என்று சொல்லியிருக்கிறார். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் கார்டில் சிவப்பு மையில் ஒரு முத்திரையும் குத்திவிட்டார். அன்று சாயந்திரம் அவள் எனக்குப் போன் செய்தாள். பேச்சுக்கு முன்னால் அழுகைதான் வந்தது.

"அக்கா, டவுன் பெரியாஸ்பத்திரில இன்னொரு டெஸ்ட் எடுக்கணுமாம். கிருமி ஜாஸ்தியா இருந்தா ஏழாம் மாசத்துலேருந்து மாத்திரையாம். பிள்ள பொறந்ததும் ரெண்டு ஊசி. ஒண்ணு எல்லாப் பிள்ளைக்கும் போடுறது. இன்னொண்ணு இதுக்குன்னே தனி ஊசி. பன்னெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டா நல்லதாம். போட்டுட்டா பிள்ளைக்கு வராதுன்னாங்க. டம்ளர்ல, தட்டுல, தொட்டா எல்லாம் ஒட்டாதாம்க்கா. ஒன்கிட்டயும் சொல்லச் சொன்னாங்க."

நான் அவள் சொன்னதில் பாதியைத்தான் கேட்டேன். மீதி நேரமெல்லாம் அந்தச் சிவப்பு முத்திரையை மாமியார் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கே போய் வாங்கி வந்தாய் இந்த வியாதியை என்று கேட்பார்கள். நடத்தை சரியில்லை என்பார்கள். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அம்மாவும் அப்பாவும் இல்லாத பெண்ணுக்கு யார் போய்ப் பேசுவது? நான்தான் பேச வேண்டும். எனக்குத் துணிச்சல் இல்லை. யாரிடமும் சொல்லாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

கார்த்திகையில் வளைகாப்பு நடந்தது. கை நிறைய வளையல் அடுக்கி, ஏழு வகைச் சோறு கட்டி, தங்கையைப் பிரசவத்துக்கு என்னுடன் அனுப்பினார்கள். கிளம்புகிற நேரத்தில் மாமியார் கார்டை எடுத்துப் புரட்டினார்.

"என்னாடி இது, செவப்பா என்னமோ குத்தியிருக்கு?"

தங்கை என்னைப் பார்த்தாள். "ரத்த குரூப்பு அத்தை," என்றேன் நான். என் நாக்கு அவ்வளவு சரளமாகப் பொய் சொல்லும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவது நம் வழக்கம். அந்த வழக்கத்தில் ஒரு வசதியும் எனக்குக் கிடைத்தது. ஊர் மாறினால் ஆஸ்பத்திரி மாறும், ஆஸ்பத்திரி மாறினால் கார்டு மாறும். டவுனில் ஒரு அரசு ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய், பழைய கார்டு வளைகாப்புக் கூட்டத்தில் தொலைந்துவிட்டது என்றேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். தப்பு அவர்களுடையது இல்லை. வரிசையில் என் பின்னால் முப்பது பேர் நின்றார்கள். அன்றைக்கு இந்தச் சோதனைக்கு வேண்டிய கிட் தீர்ந்துபோயிருந்தது.

"முன்னாடி எடுத்த டெஸ்ட் எல்லாம் எப்டிம்மா இருந்துச்சு?" என்று கேட்டார் நர்ஸ்.

"எல்லாம் நார்மல்," என்றேன். புதுக் கார்டில் என் வாய்ச்சொல்லை அப்படியே எழுதினார். கிட் வந்ததும் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த முறை அவர் இல்லை, வேறொருவர் இருந்தார். அவர் கார்டில் 'நார்மல்' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். சுகாதார நிலையத்து நர்ஸ் இரண்டு தடவை போன் செய்து, அந்த டெஸ்ட் எடுத்தீர்களா, மாத்திரை கொடுத்தார்களா என்று கேட்டார். டவுன் ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துக்கொள்கிறார்கள் மேடம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பழைய கார்டை மட்டும் கிழிக்க மனம் வரவில்லை. அசல் என்று இருப்பதை அழிக்கக் கூடாது என்பது என் தொழிலில் ஊறிய புத்தி. ஒரு பழுப்பு உறையில் போட்டு, ஆபீஸில் என் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன். வீட்டில் வைத்தால் சம்பந்தி வீட்டார் வரும்போது பார்த்துவிடுவார்களே. பிரசவ நேரத்தில் டாக்டரைத் தனியாகப் பார்த்து, கார்டைக் காட்டி, அந்த ஊசியைப் போட வைத்துவிடலாம் என்பது என் திட்டம். கெட்டிக்காரத்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்த வாரம்தான் டம்ளருக்குப் பொட்டும் வைத்தேன்.

வலி இரண்டு வாரம் முந்திக்கொண்டு வந்தது. மாட்டுப் பொங்கலன்று காலை ஆறு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில்தான் முதலில் கொடுத்தார்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு மணி நேரம் என்று மனசுக்குள் ஓட ஆரம்பித்தது. எல்லாக் குழந்தைக்கும் போடும் முதல் ஊசியைத் தொடையில் போட்டுவிட்டார்கள். இரண்டாவது ஊசியை நான் கேட்க வேண்டும்.

கேட்பதற்குள் மாமியார் வந்துவிட்டார். கரும்பும் மஞ்சள் கொத்துமாக முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். பேத்தியின் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. நர்ஸ் வரும்போதெல்லாம் நான் எழுந்தேன், மாமியார் நிமிர்ந்து பார்த்தார், நான் உட்கார்ந்தேன். ஏழு மணி ஆயிற்று. எட்டு ஆயிற்று. காபி வாங்கிக்கொண்டு வரட்டுமா அத்தை, நீங்கள் போய்க் குடித்துவிட்டு வருகிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஒன்பது, பத்து. என் பக்கத்தில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் உடம்புக்குள் என்ன நடந்துகொண்டிருக்கிறதோ என்று நினைத்து நினைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். அப்படியும் எழுந்து நாலடி நடக்க முடியவில்லை என்னால். இப்போது எழுதும்போதும் அந்த ஆறு மணி நேரத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பன்னிரண்டு மணிக்குத் தங்கை கட்டிலில் படுத்தபடியே, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். "அக்கா, நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"என்னாத்தடி சொல்லணும்?" என்றார் மாமியார்.

நான் ஓடிப்போய் நர்ஸ் மேசை முன்னால் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் புதுக் கார்டைப் புரட்டினார், என்னைப் பார்த்தார்.

"நீங்கதானம்மா நார்மல்னு சொன்னீங்க?"

"நான்தான்."

"இத்தினி நேரம் இங்கதான் இருந்தீங்க? வாயில என்ன வச்சிருந்தீங்க?"

திட்டியது போதாது என்றுதான் இருந்தது. டியூட்டி டாக்டர், சின்னப் பெண், ஓடி வந்தார். அந்த ஊசி இங்கே இருப்பில் இல்லை, இன்னொரு அரசு ஆஸ்பத்திரி ஸ்டோரில் இருக்கிறது, வாங்க வேண்டுமென்றால் தாய்க்குக் கிருமி இருப்பதற்கு அத்தாட்சி வைத்து எழுதி அனுப்ப வேண்டும் என்றார். லேப் பொங்கல் விடுமுறை, சோதனைக் கிட்டும் அதற்குள்தான் பூட்டியிருந்தது. ரத்தத்தை வெளியே அனுப்பிச் சோதித்து வர எவ்வளவு நேரமாகும் என்று அவருக்கே தெரியவில்லை.

"பழைய கார்டு நெஜமாவே தொலைஞ்சுபோச்சா?"

"இருக்கு. ஆபீஸ் டிராயர்ல."

"அப்ப இன்னும் இங்க நின்னுகிட்டு இருக்கீங்க?"

ஆட்டோ பிடித்து உப்பளம் போனேன். கொம்புக்கு வர்ணம் அடித்த மாடுகளை வீதி அடைத்து ஓட்டிக்கொண்டு போனார்கள். ஒரு மாட்டுக்கு எதிரே ஆட்டோ பத்து நிமிடம் நின்றது. அந்த மாட்டையும் அதன் சொந்தக்காரரையும் நான் திட்டிய திட்டில் டிரைவர் கண்ணாடியில் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஆபீஸ் பூட்டியிருந்தது. சாவி முதலாளியிடம், முதலாளி விழுப்புரத்தில் மாமனார் வீட்டில். போன் எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். ஏழு முறை அடித்தேன். மணி ஒன்று நாற்பது.

வாசலோரம் கிடந்த கருங்கல்லை எடுத்தேன். இருபது வருடமாகத் தினமும் காலையில் நான் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போகும் கதவு அது. பூட்டை அடித்தேன். எதிர்க் கடையிலிருந்து ஒருவர் ஓடி வந்து, "ஏம்மா, ஏம்மா, திருடியாம்மா நீ?" என்றார். ஆமாம் என்று கத்தினேன். அவர் பின்வாங்கிவிட்டார். பூட்டு விடவில்லை, தாழ்ப்பாளின் ஆணிதான் கழன்று வந்தது. உள்ளே போய் டிராயரைத் திறந்து உறையை எடுத்தபோது கட்டைவிரல் நகம் பாதி பெயர்ந்து ரத்தம் உறைமேல் சொட்டியிருந்தது. சிவப்பு முத்திரை அப்படியே இருந்தது. அதைப் பார்த்து எவ்வளவு பயந்தேன், இப்போது அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது மாமியாருக்கு விஷயம் முழுதும் தெரிந்திருந்தது. வார்டு வாசலில் நின்றிருந்தார். தலைமுடியைப் பிடித்து இழுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"ஏம்மா, என்னா மனுசி நீ? மறைச்சியா? என்கிட்டயா மறைச்ச? காலைல நான் வந்ததும் சொல்லியிருந்தா நானே ஓடியிருப்பேனே! என் பேத்தி உசுரு ஒனக்கு வெளையாட்டா?" நாலு வார்டுக்குக் கேட்டது. "வியாதி யாருக்குத்தான் வராது? என் வூட்டுக்காரரும் காமாலையிலதான் போனாரு. சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாது?"

அந்த அம்மாளைப் பற்றி நானாகக் கட்டி வைத்திருந்த பூதம் எல்லாம் பொய். அந்தப் பூதத்துக்குப் பயந்துதான் ஏழாம் மாதத்து மாத்திரையையும், அந்த டெஸ்ட்டையும், இன்றைய காலை முழுவதையும் குழந்தையிடமிருந்து பிடுங்கியிருந்தேன். அவரும் தேவதை இல்லை. அன்று முழுக்க என்னிடம் முகம் கொடுக்கவில்லை, குழந்தைக்குப் பால் கொடுக்கக் கூடாது என்று தங்கையிடம் சண்டைக்கும் போனார். கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும் என்று நர்ஸ் சொன்ன பிறகு அடங்கினார்.

கார்டோடு டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு அந்த இன்னொரு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஸ்டோர்காரர் சாப்பிடப் போயிருந்தார். வந்தவர் ஒரு கையெழுத்து குறைகிறது என்றார். அந்தக் கையெழுத்துக்கு உரியவர் பொங்கல் லீவு. அவருக்குப் பதிலாகப் போடக்கூடியவரைத் தேடி மாடி ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். பத்திரத்தில் ஒரு கையெழுத்து குறைந்தால் நாளைக்கு வாருங்கள் என்று எத்தனை பேரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! கடைசியில் ஒரு வயதான மருந்தாளர், "நான் போடுறேன், என்ன ஆனாலும் பாத்துக்கலாம்," என்று பேனாவைத் திறந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஐஸ் வைத்த டப்பாவில் ஊசி மருந்தைக் கொடுத்தார்.

குழந்தையின் இன்னொரு தொடையில் ஊசி இறங்கியபோது மணி ஆறு முப்பத்தைந்து. பன்னிரண்டு மணி நேரமும் முப்பத்தைந்து நிமிடமும். டாக்டர், ஒரு நாளைக்குள் போட்டுவிட்டோம், நல்லதே நடக்கும் என்றார். நிச்சயமா என்று கேட்டேன். ஒன்பது மாதம் கழித்துக் குழந்தைக்கு ரத்தம் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார்.

அந்த ஒன்பது மாதத்தை எப்படிச் சொல்வது? குழந்தைக்குக் கண் லேசாக மஞ்சளாகத் தெரிந்தால் ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். மூத்திரத் துணியை முகர்ந்து பார்ப்பேன். பிள்ளைக்கு முத்தம் கொடுக்காதே என்று தங்கையைத் தடுத்தேன். அவள் குழந்தையின் முகத்தருகே குனியும்போதெல்லாம், "முகத்தைத் திருப்பு," என்பேன். அவளும் திருப்பிக்கொள்வாள். அவள் கணவரும் மாமியாரும் ஞாயிறுதோறும் மீனோடு வந்துபோனார்கள். நர்ஸ் சொன்னவுடனேயே அவர்கள் இரண்டு பேரும் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டார்கள், இருவருக்கும் இல்லை என்று வந்தது, தடுப்பூசியும் போட்டுக்கொண்டார்கள். தங்கை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று பிடித்து வைத்தவள் நான்தான்.

அவளுக்கு வைத்தியம் பெரிய ஆஸ்பத்திரியில், வாரத்தில் ஒரு நாள். எல்லாம் இலவசம். ஆனால் அந்த அறை எங்கே என்று ஒரு பலகைகூட இல்லை. முதல் நாள் கேட்டுக் கேட்டு அலைந்தபோது, ஒரு ஊழியர், "என்னா வியாதி?" என்று நடைபாதையில் சத்தமாகக் கேட்டார். பதில் சொல்லக் கூசி எத்தனை பேர் திரும்பிப் போயிருப்பார்களோ என்று எனக்கு ரத்தம் கொதித்தது. கிருமி அளவு பார்க்கும் டெஸ்ட்டுக்கு எடுத்த ரத்தம் எங்கோ போய் வர வாரங்கள் ஆயின. நான் ஆபீஸில் உட்கார்ந்து மனு அடித்தேன். பலகை வையுங்கள், பிரசவ வார்டிலேயே அந்த ஊசியை இருப்பு வையுங்கள், கிட் தீரும் முன் வாங்குங்கள், கார்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி சிவப்பு மையில் குத்தாதீர்கள், டாக்டருக்கு மட்டும் புரியும்படி எழுதுங்கள். நான்கு பிரதி, எழுத்துப்பிழை இல்லாமல். ஐந்தாம் மாதத்தில் பிரசவ வார்டின் பிரிட்ஜில் அந்த ஊசி நாலு இருப்பதாக அந்த நர்ஸ் சொன்னார். என் மனுவாலா என்று கேட்டேன். "ஒங்க சம்பந்தியம்மா அன்னைக்குப் போட்ட கூச்சல்லம்மா," என்றார்.

வைத்திய அறையில் இருந்த டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்து ஒரே கேள்வி கேட்பார். "கூடப்பொறந்தவங்க டெஸ்ட் எடுத்தாச்சா?"

"எனக்கென்ன மேடம், கல்லு மாதிரி இருக்கேன்," என்பேன்.

ஐப்பசியில், மழை தூறிய ஒரு காலையில், குழந்தையின் ரிசல்ட்டுக்குப் போனோம். தாள் வரக் கொஞ்ச நேரம் ஆகும் என்றார்கள். "சும்மாதானே ஒக்காந்திருக்கீங்க, கையக் குடுங்க," என்றார் அந்த அம்மா. குழந்தையின் நினைப்பிலேயே இருந்த நான் விரலை நீட்டினேன். முதலில் குழந்தையின் தாள் வந்தது. கிருமி இல்லை, எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கிறது என்று படித்தார். தங்கை குழந்தையை இறுக்கிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அப்போது அந்த அம்மா என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டார். மேசைமேல் இருந்த சின்னக் கிட்டில் இரண்டு கோடுகள் இருந்தன. கிருமி இருந்தால்தான் இரண்டாவது கோடு விழும்.

"ஒங்கம்மாவுக்கு என்ன இருந்துச்சு?" என்று கேட்டார்.

காமாலை என்றேன். பிறக்கும்போதே இரண்டு பேருக்கும் வந்திருக்கலாம் என்றார். ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று எழுதினார். மாத்திரை இருக்கிறது, இங்கேயே கிடைக்கும், முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார். நாற்பத்தைந்து வருடமாக அது என் ஈரலில் என்ன செய்துகொண்டிருந்தது என்று ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் டம்ளர்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். பொட்டு வைத்ததை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தேன். தங்கை பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது என் டம்ளரு," என்றாள்.

நான் டம்ளரிலிருந்து கையை எடுத்தேன்.

"தெனமும் தேய்க்கிறவ நானு. எனக்குத் தெரியாதா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "ஒட்டாதுன்னு அந்த நர்ஸம்மா சொன்னத அன்னைக்கே போன்ல சொன்னேன். நீ கேட்டுக்கல." அந்த டம்ளரிலேயே காபி ஊற்றி, பாதி குடித்துவிட்டு, மீதியை என் கையில் கொடுத்தாள். குடித்தேன்.

பிறகு குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். அது என் புடவையைப் பிடித்து எக்கி, எச்சில் ஒழுகும் வாயை என் கன்னத்துக்குக் கொண்டுவந்தது. ஒட்டாது என்று எனக்குத் தெரியும். ஊசி போட்டாயிற்று, எதிர்ப்புச் சக்தி வந்தாயிற்று என்றும் தெரியும். எல்லாம் தெரிந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒன்பது மாதமாக என் தங்கையை நான் திருப்பச் சொன்ன அதே பக்கம்.